முன்பாரம்

முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு
ஒரு சாண் எழும்பி நின்றபோது
ஸ்டியரிங்கைத் திருகிக்கொண்டிருந்தேன்.
சக்கரம் என்னவோ திரும்பியது.
வண்டி திரும்பவில்லை.

கோபாலபுரத்துக்கு மேற்கே
சுகுமாரன் மாஸ்டரின் தென்னந்தோப்பு.
நாலு வருசமாக ஆள் நுழையவில்லை.
உண்ணிச்செடியும், மலையாளத்தில்
கம்யூனிஸ்ட் பச்சை என்கிற அந்தக் களையும்
இடுப்புக்கு மேலே.

பதினெட்டுக் குதிரை வண்டி எனது.
பின்னால் தொங்குவது இருநூறு கிலோ புதர்வெட்டி,
பதினொரு தவணை பாக்கி.
விற்றவன் அகலம் சொன்னான்,
கத்தியின் தடிமன் சொன்னான்.
தூக்கினால் வண்டியின் மூக்கு
மேலே போகும் என்று சொல்லவில்லை.

தூக்கியபடியே வரப்பில் ஏறினேன்.
அது என் தப்பு.
வரப்புக்கு அந்தப் பக்கம் வாய்க்கால்,
வாய்க்கால் நிறைய ஆழியாற்றுத் தண்ணீர்.

கை சொன்னதை வண்டி கேட்காதபோது
கால் நினைவுக்கு வந்தது.
இடது பிரேக்கை மட்டும் மிதித்தேன்.
ஒரு பெரிய சக்கரம் நின்றது,
மற்றது சேற்றை வாரி இறைத்துக்கொண்டு
அதைச் சுற்றி வந்தது.
லிவரை இறக்கினேன்.
வெட்டி மண்ணில் உட்கார
முன்பக்கம் தொப்பென்று விழுந்தது.
பல்லில் நாக்கு கடிபட்டது.

மாஸ்டர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார்.
"எந்து பற்றி?"
"ஒண்ணுமில்லீங்க சார்,
கொஞ்ச நேரம் வானத்தப் பாத்தேன்."

என் நாத்தனார் புருசன் ஜெபமாலை
பானெட்டில் ஏறி உட்காருகிறேன் என்றான்.
"எண்பத்தி நாலு கிலோ,
சும்மாதானே கெடக்குது."
சும்மா கிடப்பது உண்மைதான்.
ஆனாலும் சக்கரத்துக்கு முன்னால்
ஒரு மனுசனை எடைக்கல்லாக வைக்க
எனக்கு மனசு வரவில்லை.
ஒரு குழியில் நழுவினான் என்றால்
முதலில் டயர், அப்புறம் கத்தி.
பெயிண்ட் டப்பாவில் மணல் கட்டினோம்.
கம்பி அறுந்து
டப்பா வாய்க்காலுக்குப் போனது.

அசனார் கடை எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கிறது.
அங்கிருந்து வருகிறவர்களுக்கு ஆக்ரிக் கடை,
இங்கிருந்து போகிறவர்களுக்குக் காயலான் கடை.
ஃபேன் இறக்கைகளுக்கு அடியில்
ஆறு எடைக்கல் கிடந்தன.
ஒவ்வொன்றும் இருபது கிலோ,
தலையில் வளையம், நெஞ்சில் முத்திரை.
செக்போஸ்ட் எடைமேடையைப் பிரித்தபோது
வந்தது என்றார்.

எனக்குத் தெரியும் அவற்றை.
மேடை சரியாகக் காட்டுகிறதா என்று
காலையில் அடுக்கிப் பார்ப்பார்கள்.
மட்டை லோடு ஏற்றிய லாரியில்
நானும் போய்வந்த காலத்தில்
நானூறு கிலோ கூட என்று
ராத்திரி முழுக்க எங்களை நிறுத்திவைத்த மேடை.
விடிந்ததும் கொடுத்த சீட்டில்
சிவப்பு மையில் எழுதியிருந்தது:
அதிக பாரம்.

ஐந்து எடுத்தேன், இரும்பு விலைக்கே.
ஆறாவது தன் தராசுக்கு வேண்டும் என்றார்.
சரிபார்க்கவா, சரிக்கட்டவா
என்று நான் கேட்கவில்லை.

பம்பரில் ஒரு ஆங்கிள் வைத்து வெல்டிங்,
வளையத்தில் போல்ட்,
இடையில் பழைய ட்யூபை வெட்டிச் செருகினோம்.

மறுநாள் அதே வரப்பு.
இந்த முறை பின்பக்கமாக ஏறினேன்,
வெட்டி முதலில், நான் பிறகு.
மேலே சமதளத்தில் தூக்கிப் பார்த்தேன்.
மூக்கு கொஞ்சம் யோசித்தது.
எழும்பவில்லை.
ஸ்டியரிங் வழியாக
மண்ணின் சொரசொரப்பு விரலுக்கு வந்தது.

பாரம் குறையட்டும் என்று
வெள்ளிதோறும் கோவிலில்
முழங்காலிடுகிறவள்தான் நானும்.
எந்தப் பாரம் என்று இனிமேல்
விவரமாகச் சொல்ல வேண்டும்.

தோப்பு முடிய இருட்டிவிட்டது.
மாஸ்டர் இரண்டு தரம் எண்ணிக் கொடுத்தார்.
வீடு திரும்பும் வழியெல்லாம்
நடுக்கல்லின் வளையம் மட்டும்
டிங் டிங் என்று இடித்துக்கொண்டே வந்தது.
அதற்கும் ஒரு துண்டு ட்யூப் வெட்டணும்.